ஏழு, ஏழு, எட்டு, எட்டு

2 ஜூன் 2019, ஞாயிறு
நாளை பள்ளி திறக்கிறது. திறந்துவிட்டால் காலாண்டுத் தேர்வு வரை மூச்சுவிட முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு டீச்சராகப் போக எந்த ஆங்கிலப் பரீட்சை எழுதுவது, பிடிஇயா ஐஇஎல்டிஎஸ்ஸா என்று இந்த மாதமே முடிவு செய்தாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பிடிஇ பக்கம்தான். மைக்கில் பேசினால் கம்ப்யூட்டரே மார்க் போடுகிறது, சீக்கிரம் ரிசல்ட், எதிரே உட்கார்ந்து முகம் சுளிக்க ஆளில்லை. ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையும் அதை ஏற்கிறது. அப்புறம் என்ன என்றுதான் எனக்கும் தோன்றியது.

9 ஜூன், ஞாயிறு
மெல்பர்ன் அக்கா போன். "விசாக்காரன் கேக்கறது வேற, டீச்சர்னு ஒத்துக்கறவன் கேக்கறது வேறடி. முதல்ல ஏ.ஐ.டி.எஸ்.எல். பக்கத்தைப் படி" என்றாள். படித்தேன். நம் பட்டங்களைப் பார்த்து, இவர் ஆசிரியர்தான் என்று சான்று தருவது அவர்கள். கேட்பது ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்: வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்பதிலும் பேச்சிலும் 8. பிடிஇயில் எவ்வளவு வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. அந்தச் சான்று கிடைத்தாலும், பாடம் நடத்த அந்தந்த மாநிலத்தில் தனியாகப் பதிய வேண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா என்றால், வி.ஐ.டி. என்கிற அந்த மாநில ஆசிரியர் பதிவு அமைப்பில்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, இந்த ஆறு நாட்டில் நான்கு வருஷம் கல்லூரிப் படிப்பு படித்தவர்களுக்குப் பரீட்சையே வேண்டாமாம். இத்தனை வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் கால்குலஸ் நடத்துகிறவளுக்கு அந்தச் சலுகை இல்லை. எரிச்சலில் இரவு தோசை இரண்டு தீய்ந்தது.

16 ஜூன், ஞாயிறு
ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்கும் பகுதிக்கு ஒரு மாதிரித் தேர்வு போட்டுக் கேட்டேன். ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். நாற்பதில் ஏறக்குறைய முப்பத்தைந்து சரியாக இருந்தால்தான் 8. புரியாமல் மார்க் போவதை விட, புரிந்தும் போவதுதான் அதிகம்: கடைசியில் ஒரு 'எஸ்' விட்டால் போச்சு, 'டபுள் ஃபைவ்' என்பதை ஒரே ஐந்தாக எழுதினால் போச்சு.

எழுத்தை விடக் காதுக்கும் வாய்க்கும் ஏன் ஒரு படி கூடுதல் என்று குழுவில் பலருக்கும் ஆத்திரம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் முணுமுணுப்பாகச் சந்தேகம் கேட்கிறான். 'என்ன, என்ன' என்று மூன்று தடவை கேட்டால் நாலாவது தடவை அவன் வாயே திறக்க மாட்டான். இங்கேயே அப்படி. மெல்பர்ன் பிள்ளைகளின் பேச்சுவேகத்தில் நான் என்ன ஆவேன்? அந்த வகையில், பதினைந்து நிமிஷத்துக்குள் முடிந்தாலும் நேருக்கு நேர் ஆளோடு பேச வைக்கிற ஐஇஎல்டிஎஸ், பிடிஇயின் மைக்கை விட மேல். குழுவில் இதைச் சொன்னேன். ஒருவர் கும்பிடு ஸ்மைலி போட்டார்.

22 ஜூன், சனி
ஐஇஎல்டிஎஸ்ஸைப் பேப்பரில் எழுதுவதா, கம்ப்யூட்டரிலா? பேப்பரில் ரிசல்ட்டுக்குப் பதின்மூன்று நாள். கம்ப்யூட்டரில் ஒரு வாரத்துக்குள். பேப்பரில், கேட்டு முடித்த பின் விடைகளைப் பெயர்த்தெழுதப் பத்து நிமிஷம் உண்டு. கம்ப்யூட்டரில் சரிபார்க்க இரண்டே நிமிஷம். ஆனால் கட்டுரை எழுதும்போது எத்தனை வார்த்தை ஆயிற்று என்று திரையிலேயே தெரியும். 250 வந்ததா என்று விரல் விட்டு எண்ண வேண்டாம். எங்கள் பள்ளியில் கொஸ்டின் பேப்பரெல்லாம் நான்தான் டைப் அடிக்கிறேன். கம்ப்யூட்டரே போதும்.

சென்னை சென்டர். "மெட்ராஸ்ல குடிக்கத் தண்ணியில்லாம லாரி பின்னாடி ஓடறாங்க, நீ பரீட்சைக்குப் போறியா?" என்றார் இவர். ரெண்டு கேன் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

30 ஜூன், ஞாயிறு
பிடிஇயை முழுசாகத் தள்ளவும் முடியாது. விசாவுக்கு ஆளைத் தேர்வு செய்யும் பாயின்ட் கணக்கில் ஆங்கிலத்துக்கு 20 முழுசாக வேண்டுமென்றால் ஐஇஎல்டிஎஸ் நான்கிலும் 8, அல்லது பிடிஇ நான்கிலும் 79. ஏ.ஐ.டி.எஸ்.எல். கேட்கிற 7, 7, 8, 8-க்குப் பத்துப் பாயின்ட்தான். எழுத்தில் 8 வாங்குவது குதிரைக்கொம்பு என்று எல்லாரும் சொல்வதால், நிறைய டீச்சர்கள் வேலைக்கு ஒன்று, விசாவுக்கு ஒன்று என்று இரண்டும் எழுதுகிறார்கள். ஒரு பரீட்சைக்கே என் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிறது.

ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணம் கட்டியாயிற்று. பிடிஇ, இதன் ரிசல்ட்டைப் பார்த்த பிறகு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் வெயிட்டிங் லிஸ்ட் காட்டுகிறது. தட்கலில்தான் முயல வேண்டும்.