எடுத்தது கண்டனர்

மார்ச் 3, 2025

கையில் மண்டையோட்டை ஏந்தியபடி ‘இருப்பதா, இறப்பதா’ என்று ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் கேட்கும் காட்சியைப் பற்றி இன்று நண்பர் ஒருவரிடம் வெகுநேரம் பேசினேன். வீடு திரும்பி நாடகத்தைப் புரட்டினால் அப்படியொரு காட்சியே இல்லை. அந்தப் பேச்சு மூன்றாம் அங்கத்தில் வருகிறது. மண்டையோடு வருவதோ ஐந்தாம் அங்கத்தில், இடுகாட்டில். எத்தனையோ படங்களும் கேலிச்சித்திரங்களும் இரண்டையும் ஒன்றாகத் தைத்துவிட்டிருக்கின்றன. நானும் அதை நம்பியிருக்கிறேன்.

இடுகாட்டுக் காட்சியை நிதானமாகப் படித்தேன். அது யாரிக் என்ற அரண்மனை விதூஷகனின் மண்டையோடு. அவன் இறந்து 23 ஆண்டுகள் ஆகின்றன. சிறுவன் ஹாம்லெட்டை ஆயிரம் முறை முதுகில் சுமந்தவன் அவன். உதடுகள் இருந்த இடத்தைக் காட்டி, இங்கே எத்தனை முறை முத்தமிட்டிருப்பேன் என்கிறான் ஹாம்லெட். தத்துவம் தேடிப் போன எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எல்லோருக்கும் தெரிந்த காட்சிகளை இனி ஒவ்வொன்றாக மூலத்தில் படிக்கப்போகிறேன்.

மார்ச் 4

ரோமியோ ஜூலியட். பால்கனி என்ற சொல் நாடகம் முழுவதிலும் இல்லை. ஜன்னல் என்றுதான் இருக்கிறது. ஜூலியட் நிற்க அங்கே பால்கனியைக் கட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

மார்ச் 6

‘பிராங்கன்ஸ்டைன்’ 1818இல் வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. இடி, மின்னல், தலைக்குமேல் சீறும் மின்பொறி என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான், விக்டர் தான் செய்த உருவத்துக்கு உயிரூட்டும் பக்கத்துக்கு வந்தேன். அங்கே நவம்பர் மாதத்து இரவு. ஜன்னல் கண்ணாடியில் மழை தட்டுகிறது. மெழுகுவத்தி ஏறக்குறைய எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த அரை வெளிச்சத்தில் மங்கிய மஞ்சள் நிறக் கண் ஒன்று திறக்கிறது. அவ்வளவுதான்.

உயிர் எப்படி வந்தது? அந்த ரகசியத்தைச் சொல்ல முடியாது என்று விக்டர் முன்பே மறுத்துவிடுகிறான். ஆசிரியர் திறந்தே விட்ட அந்த இடத்தில்தான் சினிமா மின்னலைப் பாய்ச்சியது. எனக்கு அந்த மெழுகுவத்தியே பயமாக இருக்கிறது.

மார்ச் 7

தீவில் தனியாக வாழும் ராபின்சன் க்ரூஸோ மணலில் காணும் காலடி. அது, பின்னால் அவனுக்குத் துணையாகும் ஃப்ரைடேயின் காலடி என்று பலரைப் போல நானும் நினைத்திருந்தேன். ஃப்ரைடே வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தத் தடம் வந்துவிடுகிறது. அதுவும் ஒற்றைத் தடம்! குதிகால், விரல்கள் எல்லாம் தெளிவாகப் பதிந்த ஒரே ஒரு பாதம். க்ரூஸோ காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். மேட்டில் ஏறிப் பார்க்கிறான், கரையோரம் மேலும் கீழும் நடந்து தேடுகிறான். இன்னொரு தடம் இல்லை. இரண்டு மூன்று அடிக்கொரு முறை திரும்பிப் பார்த்தபடி வீட்டுக்கு ஓடுகிறான். தூரத்துப் புதரெல்லாம் ஆளாகத் தெரிகிறது. அன்றிரவு தூக்கமே இல்லை.

என்னைப் பிடித்து உட்காரவைத்த இடம் அதற்கும் பிறகு வருகிறது. அது தன் காலடியாகவே இருக்கலாமே என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. மறுபடி கடற்கரைக்குப் போய்த் தன் பாதத்தை அதன்மேல் வைத்து அளந்து பார்க்கிறான். தடம் பெரிதாக இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மனித முகத்தையே காணாதவன், அது வேறொரு மனிதனுடையதாக இருந்துவிடக் கூடாது என்று வேண்டி அளக்கிறான். ஒற்றைக் கால் மட்டும் எப்படிப் பதிந்தது என்பதற்கு ஆசிரியர் டீஃபோ விளக்கமே தரவில்லை. 1719இல் வந்த நாவல். அந்த இன்னொரு காலை வாசகர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 9

காலையிலிருந்து கம்பனின் ஒரே வரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்.”

அறுபதினாயிரம் பேர் சுமந்து வரும் வில்லைப் பாட்டுக்குப் பாட்டு நிதானமாகக் காட்டிய கவிஞன், இராமன் கை பட்டதும் பறக்கிறான். இமைக்காமல் பார்த்தவர்கள்கூட அவன் வில்லைக் காலால் மிதித்ததைக் காணவில்லை, நாண் ஏற்றியதைக் காணவில்லை. கண்டது எடுத்ததை. அடுத்துக் காதில் விழுந்தது முறிந்த ஓசை. வில் முறியும் கணம் பாட்டில் இல்லவே இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கம்பன் அதை மறைத்துவிட்டான்.

இத்தனை நாள் தேடியது இந்த வரியில் கிடைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. காட்டாமல் விட்ட இடத்தில்தான் படிப்பவர் குடியேறுகிறார். பால்கனியும் மின்னலும் அப்படி முளைத்தவைதான். அவற்றைப் பிழை என்று சொல்ல இப்போது மனம் வரவில்லை.

மார்ச் 12

ஹோமரின் ஒடிஸியில் ஆர்கோஸ் என்ற நாய். 20 ஆண்டுகளுக்குப் பின் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பும் எஜமானன் ஒடிஸியஸை அது கண்டுகொள்கிறது. சாணக் குவியலில் உண்ணி மொய்க்கக் கிடக்கும் அதற்கு எழுந்து வரத் தெம்பில்லை. வாலை ஆட்டிக் காதைத் தாழ்த்துகிறது. வேடம் கலைந்துவிடும் என்பதால் அவனாலும் அருகே போக முடியவில்லை. கூட வருபவனுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்கிறான். நாய் இறந்துபோகிறது. ஒருவரையொருவர் தொடவில்லை. இன்று இதற்குமேல் எழுத முடியாது.

மார்ச் 14

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. ‘தேரா மன்னா’ மனப்பாடம். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் மன்னன் வாயருகே தெறிப்பதும், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று அவன் விழுவதும் மனப்பாடம். ஆனால் அரசியை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

காதை தொடங்குவதே அவளிடம்தான். குடையும் செங்கோலும் விழ, வாயில்மணி நடுங்கி ஒலிப்பதாகக் கெட்ட கனவு கண்டு தோழியிடம் சொல்கிறாள். பிறகு கணவனிடம் சொல்ல வருகிறாள். அந்த நேரத்தில்தான் வாயிற்காவலன் கண்ணகியின் வருகையை அறிவிக்கிறான். தொலைந்தது இவளுடைய சிலம்பு. உள்ளே இருந்த முத்துப் பரலும் இவளுடையது. உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் அவள் முகம் எப்படி இருந்தது? இளங்கோ சொல்லவில்லை. கண்ணகிக்கு அவள் ஒரு பதிலும் சொல்வதில்லை. மன்னன் சாய்ந்ததும் ‘குலைந்தனள் நடுங்கி’ அவன் அடிதொழுது விழுகிறாள்.

அந்தக் கனவுப் பகுதியை நாளை முதலிலிருந்து படிக்க வேண்டும், அவள் பக்கத்தில் நின்று.