தண்ணீர் நடுவே சாமிகள்: செட்டிநாட்டில் ஒரு தை மாதச் சுற்று

செட்டிநாட்டுக் கோயில்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு, சரி. ஆனால் அந்த வெயிலில் ஊரணி அடித்தரை தெரியக் காய்ந்து கிடக்கும், கண்மாய்க்குள் ஆடு மேயும். கோயிலில் பாதியைப் பார்க்காமலேயே திரும்பிவிடுவீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியிலோ தையிலோ வந்து பாருங்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கொடுத்தால்தான் உண்டு. அப்படி வந்த தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் வரத்துக்கால் வெட்டி, ஊரணியிலும் கோயில் குளத்திலும் கண்மாயிலும் தேக்கினார்கள். கரையில் சாமியை வைத்தார்கள். சில இடங்களில் தண்ணீருக்கு நடுவிலேயே வைத்தார்கள்.

அந்த நடுவில் இருக்கிற சாமிகளைத்தான் இந்தத் தையில் பார்த்துவர வேண்டும் என்றார் அப்பத்தா. மூட்டு வலி, படி ஏற முடியாது. "குளத்தைப் பாத்தாப் போதும் அப்பச்சி, உள்ள நீ போய்க் கும்புட்டு வா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கார் எடுத்தோம்.

முதலில் எங்கள் நகரக் கோயிலான (நகரத்தாரில் எங்கள் பிரிவுக்குரிய கோயில்) வைரவன்பட்டி. பிள்ளையார்பட்டிக்கு வந்து கற்பக விநாயகரைக் கும்பிடுகிற கூட்டத்தில் பாதிகூட, அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற இந்தக் கோயிலுக்கு வருவதில்லை. அதுவும் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றும். வளரொளிநாதர், வடிவுடையம்மை, தனிச் சன்னிதியில் வைரவர். அனுமனை ராமர் கைகூப்பி வணங்குகிற சிற்பம் ஒன்று உண்டு. வேலை செய்தவனுக்கு எஜமானன் நன்றி சொல்லும் அந்தக் காட்சியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கோயிலுக்கு வெளியே வைரவர் தீர்த்தம் நிறைந்து கிடந்தது. வைரவர் தன் சூலத்தால் உண்டாக்கியது என்பது தலபுராணம். அப்பத்தா கடைசிப் படி வரை இறங்காமல், மேலே நின்றபடியே என்னைத் தண்ணீர் மொண்டு வரச்சொல்லித் தலையில் தெளித்துக்கொண்டார். சாலையில் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தைப்பூசம் நெருங்கினால் இந்தப் பக்கம் பாதி ஊர் பழனிக்கு நடக்கத் தொடங்கிவிடும்.

அப்புறம் கல்லல் பக்கம், அப்பத்தா பிறந்த ஊர். ஊர் என்றால் பெரிய வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கிற, கண்மாய் மட்டும் உயிரோடு இருக்கிற ஊர். அந்தக் கண்மாயின் உள்வாயில் ஒரு திட்டு. திட்டில் நாலைந்து மருத மரங்கள், அவற்றின் அடியில் அய்யனார். கோடையில் பைக்கிலேயே அங்கே போய்விடலாம். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கலுங்கு (உபரித் தண்ணீர் வெளியேறும் வழி) பாய்ந்ததால் திட்டு முழுத் தீவாகிவிட்டது. ஓடம், தோணி எதுவும் கிடையாது. போக வேண்டுமானால் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

குயவரும் பூசாரியுமான வேளார் வேட்டியை மடித்துக் கட்டி, பூசைச் சாமான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார். "நான் கால் வைக்கிற எடத்துலயே வைங்க, பக்கத்துல மண்ணு எடுத்த பள்ளம் இருக்கு" என்றார். தண்ணீர் முழங்காலில் தொடங்கி இடுப்புக்கு வந்து மறுபடியும் இறங்கியது. அடியில் சேறு ஜில்லென்று இருந்தது. கோரைக்கும் ஆம்பல் கொடிக்கும் நடுவில் ஏதோ மீன் காலை உரசிக்கொண்டு போனது. பயமும் பக்தியும் கலந்து வருமே, அது கோபுர வாசலில் எனக்கு அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது. இங்கே ஒவ்வொரு அடியிலும் வந்தது.

திட்டைச் சுற்றி மண் குதிரைகள். புரவி எடுப்பில் நேர்த்திக்கடனாக வந்து சேர்ந்தவை. ஊரார் கூடிப் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுத்தால் அதுதான் புரவி எடுப்புக்கு உத்தரவு. அதன்பின் அவர் குதிரைகளை வனைந்து சுட்டுக் கொடுக்க, விழா நாளில் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அய்யனார் முன்னால் நிறுத்துவார்கள். புதுசுகள் மேட்டில் நிமிர்ந்து நின்றன. பழசுகள் சரிவில், கழுத்துவரை தண்ணீரில். இன்னும் பழையவற்றில் காதும் பிடரியும் மட்டும் மேலே தெரிந்தன. உடைந்ததை ஏன் எடுத்துப் போடுவதில்லை என்று கேட்டேன். "இந்தக் கம்மா மண்ணுலதானுங்க செய்யிறோம். அது கம்மாய்க்கே போகட்டும்" என்றார் வேளார், தேங்காயை உரித்துக்கொண்டே.

அய்யனாருக்குச் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும். அவர் சைவம். பக்கத்தில் அரிவாளோடு நிற்கிற கருப்பருக்குக் கிடாய் வெட்டுவதென்றால் அய்யனார் முன்னால் திரை போட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கருப்பருக்கு ஒரு சுருட்டு மட்டும். சேமங்கலம் என்கிற வெண்கலத் தட்டை வேளார் தட்டியதும், தூரத்தில் கரைமேல் அப்பத்தா கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டது தெரிந்தது. மடைக்குப் பக்கத்தில் இருக்கிற மடைக்கருப்பருக்கு விளக்கேற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். மடை திறக்கும் முன்னால் அந்தக் கருப்பரிடம் கேட்காமல் திறக்க மாட்டார்களாம். ஒரே ஒரு குறை: பூசை முடிந்து போகிறவர்கள் பாலித்தீன் பைகளைத் திட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மண் குதிரை உடைந்து மண்ணோடு சேரும், பாலித்தீன் சேராது. நானும் வேளாரும் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தோம்.

கண்மாய்த் திட்டுகளில் சாமிக்கு மட்டுமா இடம்? திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி இருக்கிறது. 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள் சேர்ந்தது. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. இதையும் கோயில் கணக்கில்தான் சேர்ப்பேன். அப்பத்தா காரை விட்டு இறங்காமலேயே மரங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

காளையார்கோயிலுக்கு வேறொரு நாள் விடியற்காலையில் கிளம்பினோம். மதுரை - தொண்டி சாலையில் இருக்கிறது. சங்கப் பாட்டில் கானப்பேர் என்று வருகிற ஊர் இதுதான். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். வழியெல்லாம் லிங்கமாகத் தெரிய, அதைக் காலால் மிதிக்க மனமில்லாமல் சுந்தரர் தூரத்திலேயே நின்று பாடினார் என்றும், இறைவன் காளை வடிவில் வந்து வழி காட்டினார் என்றும் சொல்வார்கள். உள்ளே சொர்ண காளீசுவரர், சோமேசுவரர், சுந்தரேசுவரர் என மூன்று சிவன், மூவருக்கும் தனித்தனி அம்மன். நிதானமாகச் சுற்ற அரை நாள் வேண்டும்.

ஆனால் நாங்கள் போனது ஆனைமடுவுக்காக. இந்திரனின் ஐராவதம் தன் பாவம் தீர இங்கே வந்து தந்தத்தால் பூமியைக் குத்த, அந்தப் பள்ளமே இந்தக் குளமானது என்கிறது புராணம். எந்தக் கோடையிலும் வற்றாது என்பது ஊரார் நம்பிக்கை. நடுவில் நீராழி மண்டபம். நாலு பக்கமும் தண்ணீர் சூழ, தெப்பத்தில் வரும் சாமிக்காக மட்டும் காத்திருக்கிற மண்டபம் அது. நாம் அங்கே போய் நிற்பதற்கில்லை. கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. எனக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது. எல்லா இடத்திலும் வரிசையில் முண்டியடித்துக் கர்ப்பக்கிரகம் வரை போய்விடுகிறோம், இங்கே குளமே நம்மை நிறுத்தி வைத்துவிடுகிறது. படியில் ஒருவர் பித்ரு காரியம் செய்துகொண்டிருந்தார். எள்ளும் அரிசியும் தண்ணீரில் விழுந்ததும் மீன்கள் கூடின. அப்பத்தா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஐயா (தாத்தா) பெயர் காதில் விழுந்தது.

குளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் இரண்டு கோபுரங்கள். பழையது ஐந்து நிலை. பக்கத்திலே ஒன்பது நிலையோடு, ஏறக்குறைய 155 அடி உயரத்தில் நிற்பது மருது சகோதரர்கள் எழுப்பியது. செங்கலை மானாமதுரையிலிருந்து மனிதர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றியே இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று இன்னும் சொல்கிறார்கள். 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கிழக்கிந்தியக் கும்பினிப் படையோடு மோதி வீழ்ந்ததும் இந்த ஊரில்தான். மருதுபாண்டியர் சரணடையாவிட்டால் கோபுரத்தை இடிப்போம் என்று வெள்ளைக்காரன் மிரட்டினான், கோபுரத்துக்காகவே அவர்கள் பிடிபட்டார்கள் என்பது இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அவர்களுடைய தலைகள் கோபுரத்தைப் பார்த்தபடி கோயிலுக்கு எதிரே அடக்கமாகியிருக்கின்றன. சாமி கும்பிட வருகிறவர்கள் அங்கேயும் ஒரு மாலை போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நாங்களும் போட்டோம். அப்பத்தாவுக்கு அதில்தான் அதிகம் கண் கலங்கியது.

தை முடிந்து மாசியில் திருக்கோஷ்டியூர் தெப்பம். திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகிற சாலையில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். நின்றும் கிடந்தும் இருந்தும் பெருமாள் அடுக்கடுக்காகக் காட்சி தருகிற அஷ்டாங்க விமானம். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரம் கேட்க ராமானுஜர் பதினெட்டு முறை நடந்து வந்த ஊர். கேட்டதை ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி மேலேறிச் சொன்னதும் இங்கேதான். இதெல்லாம் பலரும் எழுதியது. மாசி மகத்தையொட்டித் தெப்பக்குளம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மாலை நாலு மணிக்கே படிகளில் இடம் கிடைக்காது. ஆயிரக்கணக்கான அகல் விளக்குகள். மனதில் ஒரு வேண்டுதல் இருப்பவர்கள், யாரோ ஏற்றி வைத்த விளக்கு ஒன்றை எடுத்து, ஒரு நாணயமும் துளசியும் இட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசையறையில் வைத்துக்கொள்வார்கள். வேண்டியது நடந்துவிட்டால், அந்த விளக்கோடு இன்னும் சில விளக்குகளைச் சேர்த்து அடுத்த மாசியில் இதே குளக்கரையில் ஏற்ற வேண்டும். யார் ஏற்றியது, யார் எடுத்தது என்று ஒருவருக்கொருவர் தெரியாது. என் அருகில் ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஏற்றி நகர்ந்ததும் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதில் ஒன்றை எடுத்தது. குனிந்திருந்த அவள் பார்க்கவில்லை. இரவு சாமி தெப்பத்தில் ஏறிச் சுற்றி வந்தபோது "கோவிந்தா" என்ற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை.

அப்பத்தாவும் ஒரு விளக்கு எடுத்தார். என்ன வேண்டுதல் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்றார். மூட்டு வலியாக இருக்கும் என்று நினைத்தேன். "அதுக்கெல்லாம் தைலம் இருக்கு" என்றார்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாசி மகத்தன்று காரைத் திருப்பத்தூரிலேயே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போய்விடுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் பகல் தெப்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது, இரவில் படிகளில் எண்ணெய் வழிந்து வழுக்கும். அகலும் திரியும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், குளக்கரைக் கடைகளில் அன்றைக்கு அவர்கள் சொன்னதுதான் விலை.