பம்ப் ஏன் போனது? டட்சன் 240 இஸட்டில் ஆயில் பிரஷரை மீட்ட அனுபவம்

ஆயில் பிரஷர் முள் விழுந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். வீடு பக்கத்தில்தானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தவர்கள் பலர் பேரிங்கையும் கிராங்க் ஷாஃப்டையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோவை ஒட்டி, நல்ல கோடை மதியத்தில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி சிக்னலில் நின்றபோது என் 1972 மாடல் டட்சன் 240 இஸட்டின் முள் அடிக்கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. வால்வு கவருக்கு அடியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வேறு. சாவியை அணைத்து, காரை ஓரம் தள்ளி, இழுவை வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் காரைப் பற்றிக் கொஞ்சம். நிஸான் 1969-இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இது. உள்ளே இருப்பது எல்24 எஞ்சின்: வரிசையாக ஆறு சிலிண்டர், 2393 சிசி, மேலே வால்வுகளைத் திறக்கும் ஒற்றை கேம் ஷாஃப்ட், ஏழு மெயின் பேரிங். 1971-இல் எட்கர் ஹெர்மனும் 1973-இல் ஷேகர் மேத்தாவும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் வென்றது இந்தக் காரில்தான். புழுதியிலும் கல்லிலும் அவ்வளவு தூரம் தாங்கிய எஞ்சின் வகைக்கு சும்மா ஓடும்போது பிரஷர் இல்லாமல் போகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பம்ப் மாட்டுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் டேஷ்போர்டு முள் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். இந்தக் காரில் ஆயில் பிரஷரும் தண்ணீர் சூடும் ஒரே வட்டத்துக்குள் இரண்டு முள்ளாக இருக்கும். பிரஷர் முள்ளை ஆட்டுவிப்பது எஞ்சினின் வலப்பக்கத்தில் ஆயில் ஃபில்டர் அருகே திருகியிருக்கும் மின்சார சென்சார். வயதான சென்சார்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதனால் அதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் குழாய் வழியாக ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டினேன். இந்த இடத்தில் கவனம் தேவை. ஜப்பானியப் பிளாக்கில் இருப்பது பிரிட்டிஷ் முறை எட்டில் ஒரு அங்குல மரை. அமெரிக்கக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கேஜ்களில் வருவது அமெரிக்க முறை மரை. ஒன்றில் அங்குலத்துக்கு 28 சுற்று, மற்றதில் 27. இரண்டு சுற்று சுகமாக உள்ளே போகும், பிறகு பிளாக்கின் மரையைத் தின்னும். சரியான அடாப்டர் விலை மிகக் குறைவுதான், வரும்வரை காத்திருப்பது நல்லது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கேஜ் 40 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) காட்டியது. சூடாக ஆக இறங்கிக்கொண்டே வந்தது. ஐடிலில், அதாவது சும்மா ஓடும்போது, ஐந்தைக் கூடத் தொடாமல் நின்றது. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று) பத்து பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் இது ரொம்ப மோசம். உடனே அணைத்துவிட்டேன். சென்சார் பொய் சொல்லவில்லை.

பிரஷர் குறைய முக்கியமான வழிகள் நான்கு. பேரிங் தேய்ந்து இடைவெளி பெருகியிருக்கலாம். பம்ப்புக்குள் சுழன்று ஆயிலை இறைக்கும் ரோட்டர் தேய்ந்திருக்கலாம். பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். அல்லது ஆயிலை உறிஞ்சும் வலை அடைத்திருக்கலாம். எது என்று தெரிய முதலில் நான் வெட்டியது ஆயில் ஃபில்டரை. ஃபில்டரின் தகரத்தைப் பிளந்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பார்த்தேன். செம்பு நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் பேரிங் மேல் பூச்சு போய் அடுத்த அடுக்கு தெரிகிறது என்று அர்த்தம். அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஆரஞ்சுச் சிவப்பு நிறத்தில் ரப்பர் மாதிரி சிறு துணுக்குகள் இருந்தன. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அது எஞ்சினுக்கு உள்ளே இருக்கவே கூடாத பொருள்.

எல் வகை எஞ்சினில் ஒரு பெரிய சௌகரியம், ஆயில் பம்ப் சேம்பருக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இல்லை. முன்புறம் வலது பக்கம் கீழே, டைமிங் கவரில் வெளியே தொங்குகிறது. இரண்டு நீளம், இரண்டு குட்டை என்று நான்கு போல்ட்டுதான். ஆனால் அந்த நான்கையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை முக்கியம். பம்ப்பைச் சுழற்றும் நீளத் தண்டே மேலே, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சுழற்றுகிறது. பம்ப்பை இறக்கினால் தண்டும் கூடவே இறங்கிவிடும், இக்னிஷன் டைமிங்கும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) கையை விட்டுப் போகும். அதனால் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பி, ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரஷன் முடிவில் உச்சிக்குக் கொண்டுவந்தேன். வால்வு கவரைத் திறந்து அந்த சிலிண்டரின் இரண்டு கேம் மேடும் மேல்நோக்கி விரிந்து நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் எங்கே பார்க்கிறது என்று படமும் எடுத்தேன். பிறகு ஆயிலை வடித்து, கீழ்த் தட்டைக் கழற்றி, தண்டு வெளியே வர இடம் கிடைக்கும்படி முன் ஸ்டெபிலைசர் பாரை இறக்கினேன். கார் நின்றது நான்கு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

பம்ப் கைக்கு வந்ததும் ரிலீஃப் வால்வின் மூடியைத் திருகினேன். ஸ்பிரிங் வந்தது, பிளஞ்சர் வரவில்லை. மெல்லத் தட்டி எடுத்தபோது அதன் விளிம்பில் அதே ஆரஞ்சுச் சிவப்புத் துணுக்கு ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. வால்வு பாதி திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பம்ப் இறைத்த ஆயிலில் பெரும்பகுதி பேரிங்குக்குப் போகாமல் திரும்பவும் உறிஞ்சும் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. பம்ப்பின் உள்ளே நான்கு மேடு கொண்ட உள் ரோட்டரும் ஐந்து குழி கொண்ட வெளி ரோட்டரும் உண்டு. மேடும் மேடும் நெருங்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால், புதிதில் 0.12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி 0.20 என்ற தேய்மான வரம்பைத் தாண்டியிருந்தது. மூடித் தட்டிலும் வட்ட வட்டமாகக் கீறல்கள், நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஆழம். ஐம்பது வருடத் தேய்மானம் மெதுவாகத் தின்ற பம்ப்பை அந்தத் துணுக்கு ஒரே மதியத்தில் முடித்துவிட்டது.

இங்கேயே நிறுத்திப் புதிய பம்ப் மாட்டியிருந்தால் பிரஷர் வந்திருக்கும். எத்தனை நாளைக்கு? துணுக்கு வந்த வழி அப்படியே திறந்து கிடந்ததே. அதனால் சேம்பரையும் இறக்குவது என்று தீர்மானித்தேன். இதுதான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி. காரின் முன் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் வழியை மறித்து நிற்கும். எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேலிருந்து தாங்கு கம்பியால் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி, சேம்பரைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுக்க வேண்டும்.

சேம்பர் இறங்கியதும் எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் ஏதோ ஒரு பட்டறையில் கசிவை நிறுத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அங்கே கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட்டை விரல் கனத்துக்கு அப்பியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்திருக்கிறார்கள். உள்ளே பிதுங்கியது புழு மாதிரி தொங்கி, சூடான ஆயிலில் வருடக்கணக்கில் ஊறி, துண்டு துண்டாக உதிர்ந்திருக்கிறது. உறிஞ்சும் வலையில் பாதிக்கு மேல் அதனால் மூடியிருந்தது. வலைக் கண்ணுக்குள் நுழைந்த சிறு துணுக்குதான் மேலே போய் வால்வில் உட்கார்ந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. சிலிக்கானில் தப்பில்லை. மூலைகளில் ஒரு மெல்லிய கோடு போதும் என்று தெரிந்தும் அவசரத்தில் அப்புகிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

சேம்பர் திறந்திருக்கும்போதே பேரிங்கைப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு கனெக்டிங் ராடின் மூடிகளைக் கழற்றி, இடைவெளியை அளப்பதற்கான, நசுங்கும் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து, சொன்ன முறுக்குக்கு இறுக்கி, மறுபடி திறந்து நசுங்கிய அகலத்தை அளந்தேன். வரம்புக்குள் இருந்தது. பேரிங்கின் சாம்பல் பரப்பில் சில மெல்லிய கோடுகள் மட்டுமே, செம்பு எங்கும் தெரியவில்லை. கேம் மேடுகளையும் தடவிப் பார்த்தேன். பிரஷர் குறைந்தால் மேலே கேமும், அது தள்ளும் ராக்கரும் காய்ந்து தேய்வது வழக்கம். நல்லவேளை, வழவழப்பாகவே இருந்தன. சிக்னலில் உடனே அணைத்ததற்குக் கிடைத்த பலன் என்றுதான் நினைக்கிறேன்.

எந்த பம்ப் வாங்குவது என்பதில் இந்தக் கார்க்காரர்களிடையே ஓயாத விவாதம் உண்டு. இதே வரிசையில் பின்னால் வந்த 280 இஸட்எக்ஸ் டர்போ காரின் பம்ப் அப்படியே பொருந்தும். அதன் ரோட்டர் உயரம், அதிக ஆயில் இறைக்கும். தேய்ந்த எஞ்சினில் ஐடில் பிரஷரைத் தூக்கிக் காட்டும். அதனாலேயே எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. பேரிங் தேயத் தொடங்கினால் கேஜில் எனக்கு உடனே தெரிய வேண்டும். பெரிய பம்ப் அதைக் கொஞ்ச காலம் மூடி மறைக்கும். டர்போ, பந்தய எஞ்சின் என்றால் கதை வேறு. ஜப்பானில் தயாரான சாதாரண அளவு பம்ப்பையே வாங்கினேன், வந்ததும் அதையும் திறந்து ஃபீலர் கேஜால் அளந்த பிறகுதான் மாட்டினேன்.

சேம்பரின் விளிம்பு போல்ட்டு ஓட்டைகளைச் சுற்றி அதிக இறுக்கத்தால் வளைந்திருந்தது. மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமன் செய்து, பழைய பேஸ்ட்டை முழுதும் சுரண்டி, புதிய கார்க் கேஸ்கட் போட்டேன். வலையைக் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தேன்.

பம்ப்பை ஏற்றுவதில் எல் எஞ்சின்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு நேரம் உண்டு: 11:25. டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டை வழியாக மேலிருந்து பார்த்தால் தண்டின் தலையில் உள்ள நாக்கு வட்டத்தைச் சமமில்லாத இரண்டு பிறைகளாகப் பிரிக்கும். சிறிய பிறை காரின் முன்பக்கம் இருக்க வேண்டும், நாக்கு கடிகாரத்தில் 11:25 காட்டும் சாய்வில் நிற்க வேண்டும். பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் தண்டு ஏறும்போதே சுழலும். அதற்காகவே தண்டில் ஒரு புள்ளிக் குறி இருக்கிறது. அதை பம்ப்பின் ஆயில் ஓட்டைக்கு நேராக வைத்து ஏற்றினால் மேலே போய்ச் சேரும்போது சரியாக நிற்கும். ஒரு பல் தள்ளினாலும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிக்கட்ட முடியாத அளவுக்கு டைமிங் விலகும். ஏற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்து, திருப்தி ஆன பிறகே நான்கு போல்ட்டையும் 11 முதல் 15 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினேன். ஏற்றுவதற்கு முன் ரோட்டர்களைச் சுற்றி வாசலினை நிரப்பியிருந்தேன். காய்ந்த பம்ப் முதல் சுற்றில் காற்றைத்தான் உறிஞ்சும். வாசலின் அந்த இடைவெளியை அடைத்து ஆயிலை இழுக்க வைக்கும், சூட்டில் கரைந்து ஆயிலோடு கலந்துவிடும்.

ஸ்பார்க் பிளக் ஆறையும் கழற்றி, இக்னிஷன் கம்பியை விலக்கி, மனைவியை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். நான் திறந்த கேமின் மேல் குனிந்து நின்றேன். இந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் கேமுக்கு மேலே ஆயில் தெளிக்கும் ஒரு ஸ்பிரே பார் ஓடுகிறது, அதன் சிறு துளைகளில் ஆயில் வந்தால் மேல்மாடி வரை வந்துவிட்டது என்று பொருள். கேஜ் முதலில் அசைந்தது. அப்புறம் முதல் துளையில் ஒரு சொட்டு, பிறகு வரிசையாக எல்லாவற்றிலும். "வந்துடுச்சா?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள். "வந்துடுச்சு, போதும் நிறுத்து" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்து கேட்டது.

பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் குளிர்ந்த எஞ்சினில் 60 தாண்டியது. முழுச் சூட்டில் ஐடிலில் 18, மூவாயிரத்தில் 50. டைமிங் லைட் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரைச் சின்னதாகத் திருப்பியதில் குறி சேர்ந்துவிட்டது. இப்போது 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுகிறேன். ராக்கர் நேரடியாகக் கேமில் உரசும் எஞ்சின் என்பதால் துத்தநாகச் சேர்மானம் நிறைந்த ஆயிலாகப் பார்த்து வாங்குகிறேன். சில நூறு மைல் ஓட்டிவிட்டு ஃபில்டரை மாற்றி, பழையதை வெட்டிப் பார்த்தேன். காகிதம் சுத்தமாக இருந்தது.

மெக்கானிக்கல் கேஜை நிரந்தரமாக வைக்கவில்லை. புதிய சென்சார் போட்டு, சூடான ஐடிலில் டேஷ்போர்டு முள் எங்கே நிற்கிறது என்று கண்ணாடியில் ஒரு சிறு கோடு போட்டு வைத்திருக்கிறேன். முன் கவரின் கிராங்க் சீலில் லேசான ஈரம் இன்னும் இருக்கிறது, டைமிங் செயின் மாற்றும்போது அதையும் சேர்த்துச் செய்வதாக எண்ணம்.