கேட்டுக்கு வெளியே முதல் சாயங்காலம்

ஜூன் 4, 2025, புதன்

மழை விட்டபாடில்லை. தக்கலை தாண்டும்போதே முழங்கால் வரை நனைந்தாச்சு. சிறைக் கேட்டில் போன், பர்ஸ், வண்டிச் சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டையும் பென்சிலையும் மட்டும் விட்டார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் கவுன்சிலரும் இல்லை, டாக்டரும் இல்லை. ஏத்தன் வாழைக்குலை ஏற்றுகிற டெம்போ டிரைவர். பல வருஷம் குடித்துச் சீரழிந்து, குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் உட்கார்ந்து வெளியே வந்தவன். அந்த ஒரே தகுதியை வைத்து, அனுமதி வாங்கி, புதன்தோறும் ஒரு கிளைச் சிறைக்குள் போய்ப் பேசுகிறேன். எந்தச் சிறை என்று எழுத மாட்டேன். உள்ளே இருப்பவர்களின் பெயர் வராது, ஊரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுவேன்.

இன்று வந்தவர்களில் பாதிக்கு மேல் குடி. இரண்டு பேர் கஞ்சா. ஒரு பையன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவன். எல்லாரும் ரிமாண்டு, அதாவது விசாரணைக் காவல். காவலைப் பதினைந்து பதினைந்து நாளாக நீட்டிக்கொண்டே போவார்கள், நடுவில் எந்த நாளும் ஜாமீன் வரலாம். பெரிய தண்டனை விழுந்தால் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் "மீதியை அடுத்த வாரம் பேசுவோம்" என்பது இங்கே செல்லாது. அடுத்த வாரம் ஆள் இருக்க மாட்டான்.

ஜூன் 11, புதன்

குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். திங்கள் ராத்திரி அடிதடியில் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். சாயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சாயா லுங்கியில். இந்த மழைக்குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை.

நான் பேசப் பேச, அவர் விரல் இடுக்கிலிருந்து எதையோ உரித்து உரித்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒன்றுமே இல்லை.

"என்ன அண்ணாச்சி எடுக்கிய?"

"ஒட்டுகறைடே. போவ மாட்டேங்கு."

ஒட்டுகறை என்றால் வெட்டின மரத்தில் ஒட்டிக் காய்கிற ரப்பர் பால். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வார்டர் சிரித்தார்: "ஆஸ்பத்திரிக்குப் போகதுக்கு நடிக்கான். ராத்திரி பூரா தூங்காம செவரப் பாத்துப் பேசுகான்."

நடிப்பு இல்லை. தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இப்படிப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். கஞ்சாவை நிறுத்தினால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், அதோடு சரி. சாராயத்தை அப்படி நினைக்கக்கூடாது. கெட்ட பழக்கம் போக ரெண்டு நாள் கஷ்டப்படட்டுமே என்று நல்ல மனதோடு சொல்கிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெயிலரிடம் நேரே போய்ச் சொன்னேன். மனுஷன் மறு பேச்சு பேசவில்லை. எஸ்கார்ட் போலீஸ் கிடைப்பதுதான் எப்போதும் குதிரைக்கொம்பு. இன்று எப்படியோ கிடைத்தது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

கிளம்பும்போது வார்டர் பக்கத்தில் வந்து, "புதுசா வாரவன்ட்ட என்ன கேக்கணும்னு எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். கடைசியாக எப்போது குடித்தான், தினமும் குடிப்பானா, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்குமா, இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. இவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

பால்வெட்டு அண்ணாச்சி திரும்பி வந்துவிட்டார். தயமின் (பி1 வைட்டமின்) ஊசியும் தூங்க வைக்கிற மருந்தும் போட்டிருக்கிறார்கள். ஒட்டுகறை கதை எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் சொன்னபோது நம்பவில்லை.

மழைக்காலத்தில் வெட்டு கிடையாது, வெட்டு இருக்கும் காலத்தில் விடிகாலை இறங்கினால் ஒன்பது மணிக்குள் வேலை முடிந்துவிடும், மிச்ச பகல் பூரா என்ன செய்ய என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பதில் நான் சொல்லவில்லை. அடுத்தவனுக்குப் பதில் சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை. "முன்னாடி குடிக்காத காலத்துல அந்த நேரம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "ஆடு வச்சிருந்தேன்" என்றார்.

ஜூன் 26, வியாழன்

போதை ஒழிப்பு நாள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டு மேடையில் நாற்காலி போட்டார்கள். "இனி ஒருபோதும்" என்று எல்லாரும் கை நீட்டிச் சொன்னார்கள்.

நான் அந்த வரியைச் சொல்லவில்லை. "இன்னிக்கு ஒரு நாள்" என்றுதான் ஏ.ஏ.யில் சொல்லிப் பழக்கம். ஒருபோதும் என்று சத்தியம் பண்ணினவன் ஒரு தடவை சறுக்கினால், சத்தியம் போச்சே, இனி என்ன என்று முழு பாட்டிலையும் முடிப்பான். மாதா படத்தைத் தொட்டு, மண்டைக்காட்டு அம்மனைச் சாட்சி வைத்து எத்தனை சத்தியம் பார்த்தாச்சு!

ஜூலை 2, புதன்

ஆசாரிப்பள்ளத்தில் பழக்கமான ஒரு டாக்டர் சில கட்டுரைகளை விளக்கிச் சொன்னார். ஏ.ஏ. தொடங்கியது 1935-ல் அமெரிக்காவில், ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் சேர்ந்து. இரண்டு பேருமே குடிநோயாளிகள். 1942-லேயே கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள் கூட்டம் தொடங்கியாச்சு. இப்போது அங்கே பல மாநிலங்களில் மீண்டு வந்தவனுக்கே பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, சம்பளமும் கொடுத்துச் சிறைக்கு அனுப்புகிறார்கள். நமக்கு பெட்ரோல் காசும் கைக்காசுதான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

மனதில் தைத்தது வேறொன்று. வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டிருக்கிறார்கள். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், அளவு மீறிய போதையால் அவர்கள் சாகும் ஆபத்து மற்ற ஜனங்களைவிட 129 மடங்கு. காரணம் எளிது. உள்ளே இருக்கும்போது உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி போய்விடும். மனதில் பழைய அளவு அப்படியே இருக்கும். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2016 முதல் சிறைக்குள்ளேயே போதை அடிமைத்தனத்துக்கு மருந்து கொடுத்து, வெளியே போனதும் அதே மருந்தைத் தொடர ஏற்பாடு செய்தபிறகு, விடுதலையானவர்களில் இப்படிச் சாகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்கள்.

மாத்திரைப் பையனைத் தனியே கூப்பிட்டு இதை மட்டும் சொன்னேன். போடாதே என்று சொன்னால் கேட்கிற வயசா? "போட்டா பழைய அளவு போடாத மக்கா, செத்துருவ. மனநலப் பிரிவுக்குப் போனா மருந்து உண்டு" என்றேன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

ஜூலை 9, புதன்

இன்று முழுக்கக் குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருத்தனோடுதான். விசைப்படகுத் தொழிலாளி. மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வேலை இல்லை, குடி, சண்டை, கேஸ்.

"வெளிய போனா தொடவே மாட்டேன் அண்ணே."

"சரி. எப்ப வெளிய போவ?"

"ஜாமீன் வந்தா."

"எத்தனை மணிக்கு?"

முழித்தான். கோர்ட் உத்தரவு இங்கே வந்து சேரப் பெரும்பாலும் சாயங்காலம் ஆகிவிடும். டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டு முதல் ராத்திரி பத்து வரை. ஆகவே இவன் கேட்டுக்கு வெளியே காலை வைக்கும்போது கடை திறந்திருக்கும். நோட்டைத் திருப்பி, கேட்டிலிருந்து அவன் வீடு வரை வழியை வரையச் சொன்னேன். பஸ் ஸ்டாப், இறங்கும் இடம், குருசடி (சிலுவை வைத்த சிறு கோயில்), படகு முதலாளி வீடு, அவன் வீடு என்று ஒவ்வொன்றாகப் போட்டான். கடைகளை மட்டும் கேட்காமலே பென்சிலால் அழுத்தி வட்டம் போட்டான். அவன் இறங்குகிற ஸ்டாப்புக்கு நேர் எதிரே ஒன்று.

"யாருடே ஜாமீன் எடுக்கா?"

கூடப் படகில் போகிற இரண்டு பேராம். ஜாமீனுக்குக் காட்டுகிற வீட்டு வரி ரசீது வைத்திருப்பது அவர்கள்தான். அவனோடு குடிப்பதும் அவர்கள்தான். கூட்டிப்போக வரும்போதே இடுப்பில் குவாட்டர் இருக்கும். "நம்ம பய வெளிய வந்துட்டான்" என்று வாங்கிக்கொடுப்பது அவர்களுக்கு அன்பு. வேண்டாம் என்றால் கோபம் வரும். இத்தனை நாளில் நான் பார்த்தவரை, உள்ளே இருந்து போகிறவனை விழுத்துவது பெரும்பாலும் துக்கம் இல்லை, இந்த வரவேற்புதான்.

கையெழுத்து அவர்களே போடட்டும், கூட்டிப்போக வேறு ஆள் வரட்டும் என்று பேசி முடித்தோம். தங்கச்சி மாப்பிள்ளை குடிக்க மாட்டார், பைக் உண்டு. அடுத்த மனுவில் (சிறையில் ஆள் பார்க்க வருவது) தங்கச்சி வரும்போது சொல்லிவிடுவதாகச் சொன்னான். மாப்பிள்ளையிடம் உதவி கேட்க வெட்கம். அந்த வெட்கத்தைப் பற்றித்தான் மீதி நேரம் பூரா பேசினோம்.

ஜூலை 16, புதன்

தம்பி இல்லை. சனிக்கிழமையே ஜாமீனில் போய்விட்டானாம். யாரோடு போனான் என்று வார்டருக்குத் தெரியவில்லை.

கஞ்சாப் பையன்கள் இரண்டு பேருக்கும் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருப்பதைச் சொன்னேன். குறைந்த அளவு வைத்திருந்தது, உபயோகித்தது போன்ற கேஸில், அடிமையானவன் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். எனக்கு இவ்வளவுதான் தெரியும், இலவச சட்ட உதவி வக்கீல் வரும்போது கேளுங்கள் என்றேன். இரண்டு பேருமே அப்படி ஒரு வக்கீலைக் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை 23, புதன்

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் ஏ.ஏ. கூட்டத்துக்குத் தம்பி வந்தான். முகம் வீங்கியிருந்தது. மாப்பிள்ளையே வந்து கூட்டிப்போயிருக்கிறார், முதல் ராத்திரி வீட்டில்தான். மூன்றாம் நாள் கூட்டாளிகள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். இரண்டு நாள் குடித்திருக்கிறான்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயாவும் மடக்குப் பலகாரமும் கொடுத்து உட்கார வைத்தோம். கூட்டம் முடிந்து வெளியே நிற்கும்போது, "அண்ணே, நீங்க ஏசுவியன்னு நெனச்சேன்" என்றான். ஏச எனக்கென்ன யோக்கியதை. பசி, கோபம், தனிமை, களைப்பு, குடிக்கத் தூண்டுகிற இந்த நாலில் அன்றைக்கு எது என்று கேட்டேன். "தனிமைதான். பகல்ல எல்லாரும் வேலைக்குப் போயிருதாவ." தடைக்காலம் முடியும்வரை கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் கூலிக்குப் போகச் சம்மதித்திருக்கிறான். அங்கே இருக்கும் பெரியவர் கூட்டத்துக்கு வருகிறவர், அதனால் பகலுக்கு ஒரு கண் இருக்கிறது.

நாளை ஆடி அமாவாசை. கன்னியாகுமரிக்குக் கூட்டம் அள்ளும், சந்தை லோடை விடியுமுன் இறக்கியாக வேண்டும்.

ஜூலை 30, புதன்

உள்ளே புது முகங்கள். வார்டர் என் நாலு கேள்வியையும் கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதி வைத்திருந்தார். ஒருத்தரை நேற்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு.

சாயங்காலம் தம்பி போன் பண்ணினான். தடை முடிந்ததும் கடலுக்குப் போகிறான். படகில் குடி கிடையாது, அது கவலை இல்லை. கரை வந்து பங்கு பிரிக்கிற நாள்தான் கவலை. காசு கையில், கூட்டாளி பக்கத்தில், கடை எதிரே. பங்கை அம்மா கையில் கொடுக்கும்படி தங்கச்சி போய் முதலாளியிடம் பேசியிருக்கிறாள். அவர் முதலில் சிரித்தாராம், அப்புறம் சரி என்றாராம். ஏலம் முடிகிற நேரத்துக்கு அம்மா துறைமுகத்தில் நிற்பதாக ஏற்பாடு. கரை வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.