நிலா அந்துப்பூச்சி வளர்ப்பு: வால்கள் நுனிவரை விரிந்தன

நிலா அந்துப்பூச்சிகள் அடங்கிய ஆக்டியாஸ் பேரினத்தை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் புழுப்பருவத்தைப் பற்றியே பேசுவார்கள். ஒதியன் இலை தட்டுப்பாடின்றிக் கிடைத்துவிட்டால் புழுவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதும், உண்மையான சோதனை பூச்சி கூட்டைவிட்டு வெளியேறும் வேளையில்தான் இருக்கிறது என்பதும் என் கருத்து. இம்முறை ஆக்டியாஸ் செலீன் (இந்திய நிலா அந்துப்பூச்சி) கூடுகளிலிருந்து இதுவரை வெளிவந்த அனைத்துக்கும் பின் இறக்கைகளின் நீண்ட வால்கள் சுருக்கமின்றி விரிந்திருப்பதைச் சற்றுப் பெருமையுடனே பதிவு செய்கிறேன்.

இதற்குக் காரணம் கூண்டின் உட்சுவர்தான். வெளிவரும் பூச்சிக்கு உப்பிய வயிறும் கசங்கிய சிறு இறக்கைகளுமே இருக்கும். அது உடனே மேலேறி, இறக்கைகள் எதிலும் உரசாமல் தொங்கும்படி பற்றிக்கொண்ட பிறகே, உடலின் குருதிநீரை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி அவற்றை விரிக்கும். வழவழப்பான நெகிழி வலையில் கால் பிடிமானம் இல்லாமல் பாதியில் விழுந்த பூச்சிக்கு, மீண்டும் ஏறி முடிப்பதற்குள் இறக்கை விறைத்துவிடலாம். ஆகவே முரட்டுச் சணல் சாக்கை நான்கு பக்கங்களிலும் கூரையிலும் தொய்வில்லாமல் இழுத்துத் தைத்தேன். அழகுக்கென்று எல்லோரும் வைக்கும் குச்சிகளை அகற்றினேன். விரியும் வாலுக்கு அவைதான் முதல் எதிரி. கூடுகளுக்கு மாலைதோறும் மென்தூறலாக நீர் தெளித்தேன். உள்ளிருந்து சுரண்டும் ஓசை கேட்ட பிறகு கூண்டைத் தொடவே இல்லை.

வாலுக்காக இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: இதே பேரினத்து லூனா அந்துப்பூச்சியை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், வாலுள்ளவை வால் நீக்கப்பட்டவற்றைவிட வௌவாலிடமிருந்து ஏறத்தாழ 47 விழுக்காடு கூடுதலாகத் தப்பின, வௌவால்களின் தாக்குதல்களில் பாதிக்கு மேல் வாலை நோக்கியே இருந்தன. இரவுக் காட்டில் வால் என்பது உயிர்க்காப்பு.

கூடுகளாக விற்பவர்களிடம் இனி வாங்குவதாக இல்லை. பஞ்சுகூட வைக்காமல் பெட்டியில் உருட்டி அனுப்பினால், உள்ளிருக்கும் கூட்டுப்புழு நசுங்காமல் என்ன செய்யும்? முட்டையாக வாங்குவதே நல்லது.

இப்போதைய சிக்கல் வேறு. வெளிவந்தவை யாவும் பெண்கள். வாயுறுப்புகள் செயல்படாத இப்பூச்சிகள், புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு ஏறத்தாழ ஒரு வாரமே வாழும் என்பதால், ஆண்கள் அதற்குள் வந்தாக வேண்டும். அடுத்த தொகுதியில் உணர்கொம்பு உறையின் அகலத்தைக் கொண்டு ஆண் கூட்டுப்புழுக்களை முன்கூட்டியே பிரித்து, பெண்கள் முந்திவிடாமல் தாமதமாக வெளிவர, பெண் கூட்டுப்புழுக்களைச் சற்றுக் குளிர்ந்த இடத்தில் வைக்கப்போகிறேன். மீதமுள்ள கூடுகளுக்கு இன்று மாலையும் நீர் தெளித்தாயிற்று.