பனித்தரையில் கலைக்கு எத்தனை புள்ளி?

கனடாவுக்கு வந்து மூன்று நாலு மாரி கழிந்ததும் எங்கள் ஆட்கள் பலரின் வீட்டுக்குள் பிகர் ஸ்கேட்டிங், அதாவது பனித்தரையில் இசைக்குச் சறுக்கி ஆடும் விளையாட்டு, வந்துவிடுகிறது. பெரும்பாலும் பிள்ளை வழியாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் வகுப்போடு ரிங் எனும் பனிச்சறுக்கு அரங்குக்குக் கூட்டிப்போவார்கள், பிறகு பிள்ளை 'கேன்ஸ்கேட்' என்ற தொடக்கச் சறுக்கு வகுப்பு கேட்கும், பிறகு தொலைக்காட்சியில் போட்டி ஓடும்போது ஒருவரும் சேனலை மாற்றமாட்டார்கள். அடுத்த நாள் வேலையிடத்தில் அதைப் பற்றி வாக்குவாதம் நடக்கும். "விழுந்தெழும்பினவனுக்கு முதலிடமா?" "அவன் பாய்கிறான், ஆடவில்லை." "நடுவர்மார் பேரைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள்."

புதிதாக வந்தவருக்கு இது வெறும் ரசனைச் சண்டையாகத் தெரியும். பாதிதான் ரசனை, மிச்சம் கணக்கு. கணக்கு விளங்கிவிட்டால் இந்த நாட்டின் குளிர்காலப் பேச்சில் ஒரு முக்கிய பகுதி உங்களுக்கும் சொந்தமாகும். அரங்கேற்றம் பார்த்துவிட்டுத் தாளம் பிசகியதையும் அபிநயம் வராததையும் வாகனத் தரிப்பிடத்தில் நின்று பேசுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது கடினமே இல்லை.

பிளேட்டிலிருந்து தொடங்குவோம். பிள்ளையின் ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பிளேட்டின் அடி தட்டையாக இராது. நடுவே நீளத்துக்கு ஒரு குழிவு ஓடும், அதன் இரு பக்கமும் இரண்டு கூர் விளிம்புகள் நிற்கும்: உள் விளிம்பு, வெளி விளிம்பு. விளிம்பில் நகத்தைக் குறுக்கே மெல்ல இழுத்தால் நகத்தில் சிறு சீவல் வரவேண்டும். வராவிட்டால் தீட்டக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. முன்நுனியில் வாளின் பல்போல இருப்பது டோ பிக். ஹாக்கி ஸ்கேட்டில் அது இல்லை. ஆகவே பாய்ச்சல் பழக விரும்பும் பிள்ளைக்கு ஹாக்கி ஸ்கேட் வாங்கவேண்டாம்.

புதிதாக வந்தவர்கள் செய்யும் முதல் பிழை, வளர்ந்தாலும் போடட்டும் என்று பெரிசாக வாங்குவது. பெரிய ஸ்கேட்டுக்குள் குதிக்கால் மேலெழும்பும், கணுக்கால் உள்ளே சரியும், பிள்ளை விளிம்பில் நிற்கவே பழகாது. பெரும்பாலான பிகர் ஸ்கேட்டுகள் வழக்கமான சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாகத்தான் பொருந்தும். இரண்டு தடித்த காலுறையும் வேண்டாம், ஒரு மெல்லியது போதும். விரல் பக்கம் நாடாவைச் சற்றுத் தளர்வாகவும் கணுக்கால் மடியும் இடத்தில் இறுக்கமாகவும் கட்டவேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிளேட்டைத் துடைத்துத் துணி உறை போடவேண்டும். நடப்பதற்குப் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரத்தோடு விட்டுவைத்தால் விரைவில் துருப்பிடிக்கும், துரு முதலில் தின்பது அந்த விளிம்பைத்தான்.

போட்டியில் பார்க்கும் ஆறு பாய்ச்சல்களையும் பிரிப்பது இந்த விளிம்புகளும் டோ பிக்கும்தான். சல்கோ, லூப், அக்ஸல் மூன்றும் விளிம்பிலிருந்து எழும்புவன. டோ லூப், ஃப்ளிப், லுட்ஸ் மூன்றும் மற்றக் காலின் டோ பிக்கைக் குத்தி எழும்புவன. அக்ஸலை யாரும் முதல் நாளிலேயே கண்டுபிடிக்கலாம். முன்னோக்கிப் பார்த்தபடி எழும்புவது அது ஒன்றே, ஆனபடியால் அரைச் சுற்று அதிகம். மற்ற எல்லாம் பின்னோக்கிப் போகையில் எழும்புவன. லுட்ஸுக்கும் ஃப்ளிப்புக்கும் வித்தியாசம் கணுக்காலில் இருக்கிறது: லுட்ஸ் வெளி விளிம்பில், ஃப்ளிப் உள் விளிம்பில். லுட்ஸ் செய்யப்போகிறவர் பின்னோக்கி நீளமாக ஒரு வளைவு போட்டு வருவார், ஆனால் சுழல்வது அந்த வளைவுக்கு எதிர்த்திசையில். கடினமே அங்கேதான். பலருக்குக் கடைசிக் கணத்தில் கணுக்கால் உள்பக்கம் சரிந்து, லுட்ஸ் என்று தொடங்கியது ஃப்ளிப்பாக எழும்பும். பின்பக்கக் கேமராவில் மெதுவாகத் திருப்பிக் காட்டும்போது முகத்தைப் பார்க்காமல் கணுக்காலைப் பாருங்கள்.

இதைப் பார்ப்பதற்கென்றே தனிக்குழு உண்டு. தொழில்நுட்பக் குழுவில் மூன்று பேர் பாய்ச்சலுக்குப் பெயர் வைப்பார்கள், விளிம்பு சரியா, சுற்று முழுமையா என்று வீடியோவில் சரிபார்ப்பார்கள். அவர்களுக்கு அழகைப் பற்றிக் கருத்துச் சொல்லும் வேலை இல்லை. அழகுக்குப் புள்ளி போடுபவர்கள் ஒன்பது நடுவர்கள். ஒன்பது பேரில் மிக உயர்ந்த புள்ளியையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு, மிச்சம் ஏழின் சராசரியை எடுப்பார்கள். வாக்குவாதம் செய்யும் முன் எந்தக் குழுவோடு கோபம் என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது. வேலையிடத்துச் சண்டைகளில் முக்கால்வாசி இந்தக் குழப்பத்தால் வருவன.

நாலு சுற்று லுட்ஸின் அடிப்படைப் புள்ளி 11.50. ஒவ்வொரு நடுவரும் அதன் தரத்துக்கு -5 முதல் +5 வரை போடுவார், ஒரு படிக்குப் பத்து வீதம். அழகாக இறங்கி +3 கிடைத்தால் 14.95. விழுந்தால் தரம் -5, அதாவது பாதி போய் 5.75, விழுந்ததற்கு இன்னொரு புள்ளி கழித்து 4.75. பத்திரமாக மூன்று சுற்று லுட்ஸ் செய்து அதே +3 வாங்கினால் 7.67. இப்போது போட்டிக்கு வரும் ஓர் இளைஞன் என்ன செய்வான்? பத்துத் தரம் பாய்ந்து மூன்று தரம் நின்றாலே நாலு சுற்றுக்குப் போவதுதான் லாபம். இத்தனை பேர் இத்தனை தரம் விழுவதற்குக் காரணம் பேராசை என்று சொல்வது நியாயமில்லை. விதி அப்படித்தான் போகச் சொல்கிறது.

சுற்றுக் குறைந்தால் கணக்கு மாறும். கால் சுற்றுக்கு மேல், அரைச் சுற்றுக்குள் குறைந்தால் அடிப்படைப் புள்ளியில் எண்பது வீதம்தான், புள்ளித்தாளில் < என்ற குறி விழும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுசுரு ஹன்யூ நாலரைச் சுற்று அக்ஸலை முயன்றார். அடிப்படைப் புள்ளி 12.50, குறை சுற்றுக்காக 10.00 ஆகியது, விழுந்ததால் 5.00 ஆகியது, அதன்மேல் விழுகைக்கான கழிப்பு. அவர் வந்தது நாலாமிடம். அந்த முயற்சியை இன்றும் கண்கலங்கப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகவேண்டாம், அவர்கள் புள்ளியைப் பற்றிப் பேசவில்லை. அதே வருடம் செப்டெம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின் அந்தப் பாய்ச்சலைப் போட்டியில் முதன்முதலாக முழுமையாக இறக்கினார்.

இனிக் கலைப் பகுதி. 2022-23 பருவத்திலிருந்து மூன்று கூறுகள்: அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன். ஒவ்வொன்றுக்கும் 10 வரை, கால் புள்ளி இடைவெளியில். ஒரு போட்டியில் ஒவ்வொருவரும் முதலில் குறு ஆட்டம், பிறகு நெடு ஆட்டம் என்று இரண்டு ஆடுவார்கள், இரண்டின் புள்ளியும் கூட்டப்படும். ஆண்களுக்குக் குறு ஆட்டத்தில் கலைப் புள்ளியை 1.67ஆலும், நெடு ஆட்டத்தில் 3.33ஆலும் பெருக்குவார்கள். ஆகவே நெடு ஆட்டத்தில் கலைக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் கிட்டத்தட்ட நூறு, அதற்கு மேல் வழியில்லை. பாய்ச்சலுக்கு அப்படிக் கூரை இல்லை. 2024இல் மொன்றியல் உலகப் போட்டியில் மாலினின் நெடு ஆட்டத்தில் 227.79 எடுத்தார். கலையில் முழு நூறு வாங்கும் ஒருவர்கூட அந்த எண்ணை எட்ட, பாய்ச்சலிலும் சுழற்சியிலும் இன்னும் 127க்கு மேல் சேர்க்கவேண்டும். ரசிகர்களின் உண்மையான முறைப்பாடு இதுதான், இதில் நியாயம் இருக்கிறது என்றே சொல்லவேண்டும்.

மூன்று கூறுகளில் கண்ணுக்கு முதலில் பழக்கவேண்டியது சறுக்கும் திறன். நல்ல ஸ்கேட்டர் இரண்டு மூன்று தள்ளலில் முழு வேகம் எடுப்பார். உடல் முழுவதும் வட்டத்துக்குள் சாயும், கீழே விளிம்பு ஆழமாகக் கிழிக்கும். ரிங்கில் நேரே போய்ப் பார்த்தால் காதாலும் கேட்கலாம். ஆழமான விளிம்பு பட்டுச் சீலை கிழிபடுவதுபோல ஒரே சத்தமாக வரும். விளிம்பில் நில்லாமல் தட்டையாகப் போகிறவரின் பிளேட் கறகறவென்று சுரண்டும். தொலைக்காட்சியில் வேகம் தெரியாது. கேமரா அவரோடு சேர்ந்து ஓடுவதால் மெதுவானவரும் வேகமானவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். வீட்டில் பார்த்தவரும் அரங்கில் பார்த்தவரும் சண்டைபிடிப்பதில் பாதி இதனால்.

அமைப்பும் வெளிப்பாடும் எங்களுக்குப் பழகிய நிலம். ஜதிக்கு அடவு போட்டுத் தீர்மானத்தில் சரியாக நிற்பது ஒன்று, பாட்டின் பொருள் தோளிலும் முதுகிலும் வருவது இன்னொன்று. இசை ஏறும் இடத்தில் பாய்ச்சல் விழுகிறதா, அல்லது பாட்டு ஒரு பக்கம் ஓட இவர் நீளமாகப் பின்னோக்கிப் போய்ப் பாய்ச்சலுக்காகக் காத்திருக்கிறாரா? பாய்ச்சலுக்கு முன் பத்து விநாடி கை இரண்டும் சும்மா விரிந்திருந்தால் அமைப்பில் குறையவேண்டும். இன்னொன்றும் கவனிக்கவேண்டும்: பாய்ச்சலின் தரத்துக்கு நடுவர் பார்க்கும் ஆறு அம்சங்களில் ஒன்று, அது இசையோடு பொருந்துகிறதா என்பது. 'தொழில்நுட்பப் புள்ளி' என்று சொல்வதற்குள்ளும் கலை கொஞ்சம் இருக்கிறது.

2010 வன்கூவர் ஒலிம்பிக்கைப் பற்றி யாரும் பேச்செடுத்தால் ஒரு எண்ணை மறக்கவேண்டாம்: 82.80. அமெரிக்காவின் எவன் லைசாசெக் நாலு சுற்றுப் பாய்ச்சல் ஒன்றுமே இல்லாமல் 257.67 எடுத்துத் தங்கம் வென்றார். நாலு சுற்று டோ லூப் இறக்கிய ரஷ்யாவின் ப்ளுஷென்கோவுக்கு 256.36. கலை வென்றது என்று ஒரு கூட்டமும், விளையாட்டைக் கொன்றுவிட்டார்கள் என்று இன்னொரு கூட்டமும் இன்றுவரை பேசுகின்றன. நெடு ஆட்டத்தில் இருவருக்கும் கலைக் கூறுகளில் கிடைத்தது ஒரே புள்ளி, தலா 82.80. லைசாசெக் முந்தியது தொழில்நுட்பத்தில்: 84.57, மற்றவருக்கு 82.71. பாய்ச்சலின் தரத்திலும், அன்றைய விதியில் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் செய்தவற்றுக்குக் கிடைத்த பத்து வீத மேலதிகத்திலும் சேர்த்த புள்ளி அது. இப்போது அந்த மேலதிகம் நெடு ஆட்டத்தின் கடைசி மூன்று பாய்ச்சல்களுக்கும் குறு ஆட்டத்தின் கடைசி ஒன்றுக்கும் மட்டும்.

ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்குக் கிட்டிய உதாரணம் 2013. லண்டன் என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே இங்கிலாந்துதான் நினைவு வரும், இது ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்து ஒன்ராறியோ லண்டன். உலகப் போட்டி அங்கே நடந்தது. ரொறன்ரோவில் வளர்ந்த பாட்ரிக் சான் குறு ஆட்டத்தில் 98.37 எடுத்தார், அது அப்போதைய உலக சாதனை. நெடு ஆட்டத்தில் இரண்டு தரம் விழுந்தார். கசக்ஸ்தானின் டெனிஸ் டென் அருமையாக ஆடி நெடு ஆட்டத்தில் முதலாவதாக வந்தார், 174.92க்கு 169.41. மொத்தத்தில் சான் 267.78, டென் 266.48. வித்தியாசம் 1.30.

இந்த 1.30 எவ்வளவு சிறியது? நெடு ஆட்டத்தில் ஒரே ஒரு நடுவர் எல்லாக் கலைக் கூறுகளிலும் ஒரு புள்ளி கூட்டிப்போட்டு, அது தள்ளுபடியாகாமல் நின்றால், முடிவில் 1.43 கூடும். சானின் சறுக்கும் திறனுக்கு இணை அன்று உலகத்தில் இல்லை, அதில் எவருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் விழுந்தெழும்பிய ஆட்டத்தின் வெளிப்பாட்டுக்கும் அதே உயரத்தில் புள்ளி வந்ததா என்பதே கேள்வி. கூறுகள் வெவ்வேறு, ஆனால் நடுவரின் கை ஒரே உயரத்தில் ஓடிவிடுகிறது. 9.25 போட்டவர் அடுத்த கூறுக்கு 9.00 போடுவாரே தவிர 7.50 போடமாட்டார். பெயர் பெற்றவருக்கு ஏறுவதும், கடைசிக் குழுவில் ஆட வருகிறவருக்கு ஏறுவதும், நாலு சுற்று இறக்கிய இளைஞனின் 'கலை' அடுத்த மாதமே கூடுவதும் ரசிகர்கள் தாளை வைத்துச் சுட்டிக்காட்டும் குறைகள். பெரும்பாலும் சரியாகத்தான் சுட்டுகிறார்கள்.

மறுபக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. ரொறன்ரோவில் பயிற்சி பெற்ற அமெரிக்கர் ஜேசன் பிரவுன் நாலு சுற்று ஒன்றுமில்லாமல் பெய்ஜிங்கில் ஆறாமிடம் வந்தார், 281.24 புள்ளியோடு. கலைக்கு விலையே இல்லை என்று சொல்பவருக்கு இதைச் சொல்லலாம். ஆறாமிடத்துக்குத்தான் விலை இருக்கிறது, பதக்கத்துக்கு இல்லை என்று அவர் திருப்பிச் சொன்னால் அதற்கும் பதில் கஷ்டம்.

இந்த நாட்டில் வாதம் சூடாக இருப்பதற்குக் காரணம் இரண்டு பக்கத்துக்கும் சொந்த ஆள் இருப்பது. முதல் நாலு சுற்றுப் பாய்ச்சலாக அங்கீகரிக்கப்பட்டது கர்ட் பிரவுனிங் 1988இல் புடாபெஸ்ட்டில் செய்தது. அவருக்குப் பின் அதே பாய்ச்சல் பக்கத்தில் எல்விஸ் ஸ்டோய்கோ. அதற்கும் முன்னால், எழுபதுகளில், ஆண்கள் இப்படிக் கலையோடு ஆடலாம் என்று காட்டிய டோலர் க்ரான்ஸ்டன். மூவரும் கனடியர்.

நடுவர்களை ஏன் இவ்வளவு சந்தேகிக்கிறார்கள் என்று கேட்டால் 2002 சோல்ட் லேக் சிற்றி என்பார்கள். ஜோடிப் போட்டியில் நடுவர் மீதான அழுத்தம் வெளிவந்து, கனடா ஜோடிக்கு இரண்டாவது தங்கம் கொடுக்கவேண்டி வந்தது. 6.0 உச்சப் புள்ளியாக இருந்த பழைய முறை போய் இப்போதைய முறை வந்தது அதனால்தான். பிறகும் பல வருடம் எந்தப் புள்ளி எந்த நடுவருடையது என்று தெரியாமல் மறைத்தார்கள். 2016இல் அது நீங்கியது.

ஆகவே வாதத்துக்கு முன் தாளை எடுங்கள். பெரிய சர்வதேசப் போட்டிகளில் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் விவரப் புள்ளித்தாள் இணையத்தில் வெளியாகும். இடப்பக்கம் பாய்ச்சலின் பெயர், அருகே குறிகள், பிறகு அடிப்படைப் புள்ளி, அதன்பின் ஒன்பது நிரலில் ஒன்பது நடுவர்கள். கீழே மூன்று வரியில் கலைக் கூறுகள். பாய்ச்சல் வரிகளை முதலில் விட்டுவிட்டு அந்த மூன்று வரிகளையும் குறுக்கே வாசியுங்கள். ஒரே ஆட்டத்துக்கு ஒருவர் 8.00உம் பக்கத்தில் இருப்பவர் 9.25உம் போட்டிருந்தால், எந்த நிரல் என்று பார்த்து, மற்ற ஆட்டக்காரர்களின் தாள்களிலும் அதே நிரலைத் தேடுங்கள். அவர் எல்லோருக்கும் இறுக்கமாகப் போடுகிறவரா, ஒருவருக்கு மட்டுமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.