தகரக் கொட்டகைக்கு அட்டை எழுதிய கதை

11 அக்டோபர் 2025, சனி

பூதப்பாண்டியைத் தாண்டிப் போனால் வயல் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. உள்ளே ஏழு டிராக்டர், ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு மட்டடோர் வேன் ஆம்புலன்ஸ். எல்லாம் அண்ணாச்சி ஏலத்திலும் பழைய இரும்புக் கடையிலும் எடுத்துச் சேர்த்தவை. ஊர்க்காரர்கள் கேலியாக ‘மியூசியம்’ என்று சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது.

“தம்பி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை எழுதித் தாங்க” என்றார். ஐஷர் பக்கத்தில் போனதும், “இதுல இந்தியாவின் முதல் டிராக்டர்னு போட்டிருங்க.”

நம் நாட்டில் தயாரான முதல் டிராக்டர் 1959-இல் ஃபரிதாபாத்தில் வெளிவந்த ஐஷர்தான். அதற்காக இந்த வண்டி அந்த வண்டியாகிவிடுமா? அரை மணி நேர வாக்குவாதம். கடைசியில் கம்பெனிக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுப்பதாக முடிவு. அண்ணாச்சிக்கு முகம் கோணல்தான்.

12 அக்டோபர், ஞாயிறு

இன்று பெரியப்பாவையும் கூட்டிப்போனேன். எழுபதுகளில் வாடகை டிராக்டர் ஓட்டியவர். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனியின் சிவப்பு மாசி பெர்குசன்தான் அவருக்கு டிராக்டர்; மற்றதெல்லாம் தகரம். அப்படிப்பட்டவர், மூலையில் சாம்பல் நிறத்தில் குறுகி நின்ற பழைய பெர்குசனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்த டிஇ20 மாடல் அது. சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது. கியர் லீவரை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். அதனால் வண்டி கியரில் கிடக்கும்போது ஸ்டார்ட் ஆகித் தாவ வழியே இல்லை. பின்னால் கலப்பையை மாட்டும் மூன்று கம்பிகளைக் காட்டி பெரியப்பா சொன்னார்: “மக்கா, இதுக்கு முந்தி கலப்பையைச் சும்மா கட்டி இழுப்பாவ. கல்லுல தட்டுச்சுன்னா முன்பக்கம் எழும்பி ஓட்டுறவன் மேலயே கவுந்திரும். இந்த ஏற்பாட்டுல இழுவை, முன் டயரைத் தரையில அமுக்கும்.” அட்டையில் நான் எழுதி வைத்திருந்த மூன்று வரியை அடித்துவிட்டு இதையே எழுதினேன்.

சுவரோரம் கேஜ் வீல் ஒரு ஜோடி, சேற்று வயலில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரங்கள். கும்பப்பூ நெல் சாகுபடிக்குத் தொளி அடித்த, அதாவது வயலைச் சேறாக உழுத சேறு இன்னும் அதில் காய்ந்து கிடக்கிறது. கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

18 அக்டோபர், சனி

தீயணைப்பு வண்டியைக் குளக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் பின்னாலேயே. குழாயைத் தண்ணீரில் இறக்கிவிட்டால் பம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். குழாய்க்குள் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். பிறகு வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால்தான் ஏழெட்டு மீட்டருக்கு மேல் அது ஏறுவதில்லை. எங்காவது ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கதை முடிந்தது.

முடிந்தது. இணைப்பில் இருந்த வாஷர் பொடிந்து போயிருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி வைத்து மூன்றாம் முறை பார்த்தபோது தண்ணீர் வந்தது, குழாயின் முனையில் மட்டுமல்ல, நடுவிலும் நாலைந்து இடத்தில். பெரியப்பா நனைந்தார், நான் நனைந்தேன், சும்மா வேடிக்கை பார்த்த ஆடும் நனைந்தது. பிள்ளைகள் மணிக்கயிற்றை விடவே இல்லை.

மட்டடோருக்கு மட்டும் அட்டை எழுதவில்லை. தீயணைப்பு வண்டியில் தொற்றி ஏறுகிற பிள்ளைகள் இதன் ஸ்ட்ரெச்சரிலும் படுத்துப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் பின்கதவு வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். 2008-இல் 108 வருவதற்கு முன், இந்த மாதிரி வண்டியைத் தேடி ராத்திரியில் ஆள் ஓடவேண்டும், டீசலுக்குக் காசும் புரட்டவேண்டும்.

“அதுல என்னத்த எழுத?” என்றார் அண்ணாச்சி. “வண்டி நம்பர் மட்டும் போதும்.”

நம்பரை எழுதிக் கொடுத்தேன். நாளை மறுநாள் தீபாவளி. நாகர்கோவில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஈர வேட்டியோடு நின்ற பெரியப்பாவுக்கு மட்டும் சுற்றிலும் கொஞ்சம் இடம் கிடைத்தது.